ஜார் ஆட்சியில் ரஷ்ய மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்ய நாவல்களைத் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்து வளர்ந்தவர்கள் நம்மிடையே நிறைய. கதை மனதில் நின்றுவிடும். ஆனால் பண்ணையடிமை, மீர், பதவிப் படிநிலை, சைபீரியக் கடுங்காவல் என்பதெல்லாம் நடைமுறையில் எப்படி இருந்தன என்பது தெளிவாகாமலே போய்விடும். அப்படிப் படித்தவர்களுக்கு எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. அந்தக் கால ரஷ்யாவை அரண்மனை வாசலில் நின்று பார்த்தால் பாதிகூடப் புரியாது, கிராமத்திலிருந்துதான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1897 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதுகூடப் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கிராமத்தார்தான். அதனால் பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

ஜார் ஆட்சி எப்போது தொடங்கி எப்போது முடிந்தது?

1547 இல் நான்காம் இவான் மாஸ்கோவில் ஜார் பட்டத்தோடு முடிசூடினார். அந்தப் பட்டத்தோடு முடிசூடியவர்களில் அவர்தான் முதல்வர். அவருடைய வம்சம் அற்றுப்போய், நாடு உள்நாட்டுச் சண்டையிலும் அந்நியப் படையெடுப்பிலும் சீரழிந்த பிறகு, 1613 இல் மிகயீல் ரோமானவ் என்ற பதினாறு வயது இளைஞரை மன்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். ரோமானவ் வம்சம் 1917 மார்ச் 2 அன்று இரண்டாம் நிக்கலாய் முடிதுறக்கும் வரை நீடித்தது. மகா பீட்டர் 1721 இல் 'பேரரசர்' என்று பட்டத்தை மாற்றிக்கொண்டாலும், ஜனங்கள் கடைசிவரை ஜார் என்றுதான் சொன்னார்கள்.

தேதிகளைப் பற்றி ஒரு விஷயம். ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றியது. 19ஆம் நூற்றாண்டில் அது மற்ற ஐரோப்பிய நாடுகளின் நாட்காட்டிக்கு 12 நாள் பின்தங்கியிருந்தது, 20ஆம் நூற்றாண்டில் 13 நாள். இங்கே தருபவை பழைய தேதிகள். வேறு புத்தகத்தில் மார்ச் 15 என்று இருந்தால் குழம்ப வேண்டாம்.

ஜாரின் அதிகாரத்துக்குக் கட்டுப்பாடே இல்லையா?

சட்டப்படி 1906 வரை இல்லை. ஜாருக்குக் கீழ்ப்படிவது கடவுளே இட்ட கட்டளை என்று சட்டத் தொகுப்பிலேயே எழுதி வைத்திருந்தார்கள். நாடாளுமன்றம் கிடையாது, அரசியல் கட்சி கிடையாது. திருச்சபைகூட 1721 முதல் அரசு அமைத்த புனித சினாட் என்ற குழுவின் கீழ் வந்துவிட்டது.

ஜாருக்கு ஆபத்து வந்ததெல்லாம் பக்கத்திலிருந்துதான். மூன்றாம் பீட்டரை 1762 இல் மனைவி கேத்தரீனே காவற்படை துணையோடு கவிழ்த்தார். பாவெல் ஜாரை 1801 இல் அதிகாரிகள் அவருடைய படுக்கையறையிலேயே கொன்றார்கள். அந்தப் பிரபுக்களுக்கு ஜார் கொடுத்த விலைதான், விவசாயிகளை நிலப்பிரபுவின் பிடியில் கட்டிவைத்த பண்ணையடிமை முறை என்று சொல்லலாம். உங்கள் பண்ணைக்குள் நீங்கள் செய்வதை நான் கேட்க மாட்டேன், நீங்கள் என் ஆட்சியைத் தாங்கிப் பிடியுங்கள் என்பதுதான் ஏற்பாடு. 1897 கணக்கெடுப்புப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் இரண்டாம் நிக்கலாய், 'ரஷ்ய மண்ணின் எஜமான்' என்று எழுதினார். அவர் மனதார நம்பியதைத்தான் எழுதியிருக்கிறார்.

பண்ணையடிமை முறையும் அமெரிக்காவில் இருந்த அடிமை முறையும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. ஆனால் 18ஆம் நூற்றாண்டு வாக்கில் வித்தியாசம் மிகவும் சுருங்கிவிட்டது.

எப்படி வந்தது என்று பார்த்தால் புரியும். முதலில் விவசாயி ஒரு நிலப்பிரபுவை விட்டு இன்னொருவரிடம் போகலாம். 1497 சட்டம் அதை வருடத்தில் இரண்டே வாரமாகக் குறுக்கியது: இலையுதிர்காலத்தில் அறுவடை முடிந்தபின் வரும் புனித ஜார்ஜ் நாளுக்கு முந்தைய ஒரு வாரம், பிந்தைய ஒரு வாரம். அப்புறம் அந்த இரண்டு வாரமும் போனது. 1649 சட்டத் தொகுப்பு வந்தபோது, ஓடிப்போன விவசாயியை எத்தனை வருடம் கழித்துக் கண்டுபிடித்தாலும் குடும்பத்தோடு திரும்ப இழுத்துவரலாம் என்றாகிவிட்டது. மகா பீட்டர் தன் பங்குக்குத் தலைவரி போட்டார். ஆண் தலைகளை எண்ணிக் கணக்கில் ஏற்றினார்கள், அடுத்த கணக்கெடுப்பு வரை அந்த எண்ணுக்கு வரி கட்ட வேண்டும். இடையில் ஒருவன் செத்தாலும் ஏட்டில் அவன் உயிரோடுதான் இருந்தான். அவன் வரியை மற்றவர்கள் சுமந்தார்கள்.

பண்ணையடிமை நிலப்பிரபுவுக்குக் கொடுத்தது இரண்டு வகை. கறுப்பு மண் வளமாக இருந்த தெற்கில் பெரும்பாலும் உழைப்பு: வாரத்தில் பாதி நாள் பிரபுவின் வயலில் வேலை. மூன்று நாள் போதும் என்று 1797 இல் பாவெல் ஆணையிட்டார், ஆனால் அதைக் கேட்டு நடத்த ஆள் இல்லை. மண் மோசமான வடக்கில் பெரும்பாலும் பணம்: எங்கேயாவது போய்ச் சம்பாதித்து வருடத்துக்கு இவ்வளவு என்று கட்டிவிட வேண்டும். இப்படிப் பணம் கட்டியவர்களில் சிலர் பெரிய ஆட்களாகவே ஆனார்கள். இவானவோ கிராமத்தில் துணி ஆலை வைத்து நடத்திய முதலாளிகள் சிலர் சட்டப்படி ஷெரமேத்யெவ் பிரபுவின் பண்ணையடிமைகள்! பெரும் பணம் கொடுத்துத்தான் தங்களையே மீட்டுக்கொண்டார்கள்.

அமெரிக்க அடிமைக்கு இல்லாத சில விஷயங்கள் இவர்களுக்கு இருந்தன. சொந்தக் குடிசை, பயிரிடத் துண்டு நிலம், ஊர்க்கூட்டம். எஜமானனும் அடிமையும் ஒரே மதம், பெரும்பாலும் ஒரே மொழி. ஆனாலும் யார் யாரைக் கல்யாணம் செய்வது என்பதை எஜமானன் முடிவுசெய்யலாம், வீட்டு வேலைக்கு இழுக்கலாம், விற்கலாம், பட்டாளத்துக்கு அனுப்பலாம். 1793 முதல் பட்டாளம் என்றால் 25 வருடம். ஆள் எடுத்துப் போகும் நாளில் வீட்டுப் பெண்கள் சாவுக்கு அழுவதுபோல ஒப்பாரி வைத்து அழுதார்கள். பத்திரிகைகளில் குதிரை விற்பனைக்குப் பக்கத்திலேயே சமையல்காரி விற்பனைக்கு என்று விளம்பரம் வரும். 1801 இல் முதலாம் அலெக்சாந்தர் அந்த விளம்பரத்தைத் தடுத்தார். விற்பவர்கள் 'வேலைக்கு அனுப்பப்படும்' என்று வாசகத்தை மாற்றிக்கொண்டார்கள்.

விடுதலைக்கு முன் இப்படிப் பிரபுக்களின் கீழ் இருந்தவர்கள் சுமார் 2 கோடியே 30 லட்சம் பேர். கிட்டத்தட்ட அதே அளவு விவசாயிகள் பிரபுவுக்குப் பதிலாக அரசுக்குக் கட்டுப்பட்டவர்கள். சைபீரியாவிலும் தூர வடக்கிலும் பிரபுக்களின் பண்ணையடிமைகள் ஏறக்குறைய இல்லை.

பிரபு கொடுமை செய்தால் முறையிட இடமே இல்லையா?

தார்யா சல்டிகோவா வழக்கு ஒன்றே போதும். மாஸ்கோவில் இருந்த பணக்கார விதவை. துவைத்த துணி சரியில்லை, தரை சரியாகத் துடைக்கவில்லை என்று பணிப்பெண்களை விறகுக் கட்டையால் அடிப்பார், மற்றவர்களை விட்டும் அடிக்கச் சொல்வார். பலர் செத்தார்கள். புகார் கொடுத்தவர்களை அதிகாரிகளே பிடித்து அவரிடம் ஒப்படைத்தார்கள். 1762 இல் சவேலி மர்த்தினவ், எர்மலாய் இலியின் என்ற இரண்டு பண்ணையடிமைகள் தப்பித்து, புதிதாகப் பட்டத்துக்கு வந்திருந்த கேத்தரீனிடமே மனுவைச் சேர்த்துவிட்டார்கள். இலியின் அடுத்தடுத்துக் கட்டிய மூன்று மனைவிகளையும் சல்டிகோவாவின் அடிக்குப் பறிகொடுத்தவர்.

விசாரணை ஆறு வருடம் நடந்தது. 38 சாவுகள் நிரூபணமாயின. 1768 இல் சல்டிகோவாவைச் செஞ்சதுக்கத்தில் மேடையில் ஏற்றி, 'சித்திரவதைக்காரி, கொலைகாரி' என்று எழுதிய பலகையைக் கழுத்தில் மாட்டி ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். அப்புறம் மடாலயத்தில் வெளிச்சம் புகாத நிலவறை. 1801 இல் காவலிலேயே இறந்தார்.

நீதி கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் தீர்ப்புக்கு முந்தைய வருடம், 1767 இல், அதே கேத்தரீன்தான் பண்ணையடிமைகள் பிரபுவுக்கு எதிராக மனு கொடுக்கவே கூடாது, மீறினால் சாட்டையடியும் கடுங்காவலும் என்று ஆணை போட்டார். அந்த இரண்டு பேர் சில வருடம் தாமதித்திருந்தால் அவர்களே சைபீரியாவுக்கு நடந்திருப்பார்கள்.

பண்ணையடிமைகளில் பெரிய கலைஞர்கள் இருந்தார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். பெரிய பிரபுக்கள் சொந்தமாக நாடகக் குழுவும் இசைக் குழுவும் வைத்திருந்தார்கள், எல்லாரும் பண்ணையடிமைகள். பிரஸ்கோவ்யா ஜெம்சுகோவா ஒரு கொல்லரின் மகள். சிறுவயதிலேயே ஷெரமேத்யெவ் மாளிகைக்குக் கொண்டுவந்து பாட்டும் பிறமொழிகளும் கற்றுக்கொடுத்தார்கள், பதினோரு வயதில் மேடையேறினார். கடைசியில் நிக்கலாய் ஷெரமேத்யெவ் பிரபுவே அவருக்கு விடுதலை கொடுத்து, 1801 இல் ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டார். பிள்ளை பெற்ற சில வாரங்களில், 1803 இல், பிரஸ்கோவ்யா இறந்துவிட்டார்.

என்னை அதிகம் உலுக்குவது தராஸ் ஷெவ்சென்கோவின் கதை. உக்ரைனின் தலையாய கவிஞர், ஓவியரும்கூட. பிறப்பால் பண்ணையடிமை. எங்கெல்ஹார்ட் என்ற எஜமானன் அவரை விடுவிக்க 2,500 ரூபிள் கேட்டார். புகழ்பெற்ற ஓவியர் பிரியுல்லோவ், கவிஞர் ஜுகோவ்ஸ்கியின் உருவப்படத்தை வரைந்து கொடுத்தார். அதைக் குலுக்கலில் விட்டுக் கிடைத்த பணத்தில் 1838 இல் ஷெவ்சென்கோவை வாங்கி விடுதலை செய்தார்கள். ஒன்பதே வருடத்தில் மறுபடி பிடிபட்டார். எழுதிய கவிதைகளுக்காகச் சாதாரணச் சிப்பாயாக ஓரன்பர்க் எல்லைக்கு அனுப்பினார்கள். தண்டனைத் தாளில் முதலாம் நிக்கலாய் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: கடுமையான கண்காணிப்பு வேண்டும், எழுதவும் வரையவும் தடை. பத்து வருடம் அப்படிப் போனது.

மீர் என்று படிக்கிறோமே, அது என்ன?

ஊர்க்கூட்டம். ரஷ்யக் கிராம வாழ்க்கையின் முதுகெலும்பு. ஒவ்வொரு வீட்டுத் தலைவரும் அதில் உறுப்பினர். வாக்குச்சீட்டு எல்லாம் கிடையாது, பேசிப் பேசி, சத்தம் போட்டு, கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டதாக ஒரு முடிவுக்கு வருவார்கள்.

நிலம் தனி ஆளுக்குச் சொந்தமில்லை, மீருக்குத்தான் சொந்தம். நல்ல மண், கெட்ட மண், கிட்டே இருப்பது, எட்டி இருப்பது என்று வயலைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நீளத் துண்டு கொடுப்பார்கள். அதனால் ஒரே குடும்பத்துக்குப் பல இடங்களில் சிதறிய துண்டுகள் இருக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை, குடும்பத்தில் தலை கூடியதையும் குறைந்ததையும் பார்த்து மறுபடி பங்கு பிரிப்பார்கள். அறுவடை முடிந்ததும் ஊர் மாடுகளைத் தாளடியில் மேயவிடுவார்கள் என்பதால், யாரும் தனியாக வேறு பயிர் வைக்க முடியாது. எல்லாரும் ஒரே நேரத்தில் விதைத்து, ஒரே நேரத்தில் அறுக்க வேண்டும்.

வரிக்கும் மீர்தான் பொறுப்பு. ஒரு வீடு கட்டாவிட்டால் மற்ற வீடுகள் சேர்ந்து கட்ட வேண்டும். இந்தக் கூட்டுப் பொறுப்பு 1903 வரை நீடித்தது. அதனால் யாரையும் லேசில் வெளியூர் போக விடமாட்டார்கள். வேலை தேடிப் போக உள்நாட்டுப் பாஸ்போர்ட் வேண்டும், அதற்கு மீரின் சம்மதமும் வீட்டுத் தலைவரின் சம்மதமும் வேண்டும். பீட்டர்ஸ்பர்க் ஆலையில் பத்து வருடம் வேலை பார்த்தவனையும் காகிதம் இன்ன ஊர் விவசாயி என்றே சொல்லும்.

மீரைப் புகழ்ந்தவர்கள் அதிகம், சோஷலிஸ்டுகளும் உண்டு, பழமைவாதிகளும் உண்டு. நிலமே இல்லாமல் யாரும் நடுத்தெருவில் நிற்காதபடி அது பார்த்துக்கொண்டது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் பிடிக்காதவனைச் சைபீரியாவுக்கு அனுப்பும் உரிமையும் அதனிடம் இருந்தது. கோர்ட்டு, சாட்சி எதுவும் தேவையில்லை. சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்களில் பெரும் பகுதியினர் அரசியல்வாதிகள் அல்ல, இப்படிச் சொந்த ஊரே தள்ளிவிட்டவர்கள்.

நாவல்களில் எல்லாரும் பதவியின் பெயரைச் சொல்லியே பேசிக்கொள்கிறார்களே, ஏன்?

மகா பீட்டர் 1722 இல் போட்ட படிநிலைப் பட்டியல்தான் காரணம். அரசு வேலை, ராணுவம், அரண்மனை மூன்றுக்கும் 14 படிகள். ஒவ்வொரு படிக்கும் சீருடை, ஒவ்வொரு படிக்காரரையும் எப்படி விளிப்பது என்பதற்குத் தனி மரியாதைச் சொல். குறிப்பிட்ட படியை எட்டினால் பரம்பரைப் பிரபு அந்தஸ்து கிடைக்கும். சிவில் பணியில் முதலில் 8ஆம் படி, 1845 இல் 5, 1856 இல் 4 என்று வாசலை ஒடுக்கிக்கொண்டே போனார்கள். லெனினின் தந்தை ஒரு தையற்காரரின் மகன். பள்ளிக் கல்வித் துறையில் உயர்ந்து 4ஆம் படியை அடைந்து பிரபு ஆனார். ஆக, லெனினும் சட்டப்படி பிரபு வம்சம்தான்.

பிரபுவைச் சாட்டையால் அடிக்கக் கூடாது என்று 1785 முதல் சட்டம் இருந்தது. விவசாயியைக் கிராமக் கோர்ட்டு பிரம்பால் அடிக்கலாம் என்பது 1904 வரை இருந்தது. படிநிலை என்பது முதுகில் வந்து நிற்கும் விஷயம்.

1861 இல் விடுதலை கொடுத்தார்களே, அப்புறம் ஏன் விவசாயிகள் கொதித்தார்கள்?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தால் 1905உம் 1917உம் பாதி விளங்கிவிடும்.

பிரிட்டன், பிரான்ஸ், துருக்கியோடு நடந்த கிரிமியப் போரில் ரஷ்யா தோற்றது. பண்ணையடிமைகளை வைத்து நவீன ராணுவம் நடத்த முடியாது என்பது வெளிச்சமானது. மேலிருந்து நாமே ஒழித்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் கீழிருந்து அதுவே ஒழிந்துவிடும் என்ற பொருளில் இரண்டாம் அலெக்சாந்தர் 1856 இல் மாஸ்கோ பிரபுக்களிடம் பேசினார். 1861 பிப்ரவரி 19 அன்று கையெழுத்தானது. ஆனால் உடனே அறிவிக்கவில்லை. நோன்புக்கு முந்தைய திருவிழாவில் ஜனங்கள் குடித்திருப்பார்கள், கலகம் வெடிக்கும் என்று பயந்து, மார்ச் 5 வரை வைத்திருந்து தேவாலயங்களில் வாசித்தார்கள்.

உடம்புக்கு விடுதலை உண்மைதான். இனி விற்க முடியாது, திருமணத்துக்குப் பிரபுவின் அனுமதி வேண்டாம், சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பிரச்சினை நிலத்தில் வந்தது. இத்தனை காலம் தாங்களே உழுத நிலம் தங்களுடையது என்பதுதான் விவசாயிகளின் நம்பிக்கை. சட்டம் நிலம் பிரபுவுடையது என்றது. அதில் ஒரு பகுதியை விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, விலை வைத்தார்கள். பல இடங்களில் அவர்கள் ஏற்கெனவே உழுதுகொண்டிருந்ததிலேயே ஒரு பங்கை வெட்டி எடுத்தார்கள். வெட்டியது பெரும்பாலும் மேய்ச்சல் நிலம், தண்ணீருக்குப் போகும் வழி, காட்டோரம். அது இல்லாமல் மாடு வளர்க்க முடியாது, ஆகவே பழையபடி பிரபுவிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று.

விலையில் பெரும் பகுதியை அரசு பிரபுவுக்குக் கடன் பத்திரமாகக் கொடுத்துவிட்டது. விவசாயிகள் அதை அரசுக்கு 6 சதவீத வீதம் 49 வருடம் கட்ட வேண்டும். மண் மோசமான வடக்கு மாவட்டங்களில் இந்த விலை சந்தை விலையைவிட அதிகம். ஏன்? அங்கே பிரபுவின் வருமானம் மண்ணிலிருந்து வரவில்லை, ஆளின் சம்பாத்தியத்திலிருந்து வந்தது. நிலத்தின் விலை என்ற பெயரில் ஆளின் விலையையும் சேர்த்து வசூலித்தார்கள் என்பதுதான் உண்மை. அந்தக் கடனுக்கும் மீர் முழுவதும் கூட்டுப் பொறுப்பு.

கசான் மாகாணத்தில் பெஸ்த்னா என்ற கிராமத்தில் ஓரளவு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த அந்தோன் பெத்ரோவ் என்ற விவசாயி அந்தப் பிரகடனத்தை வைத்துக்கொண்டு, ஜார் முழு விடுதலையும் முழு நிலமும் கொடுத்திருக்கிறார், பிரபுக்கள் மறைக்கிறார்கள் என்று விளக்கம் சொன்னார். சுற்று வட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து கூடினார்கள். ஏப்ரலில் ராணுவம் சுட்டது. பெத்ரோவையும் பின்னர் சுட்டுக் கொன்றார்கள். மீட்புத் தொகை என்ற அந்தக் கடன் 1905 புரட்சிக்குப் பிறகுதான், 1907 இல், ரத்தானது.

அந்தச் சீர்திருத்தங்களால் நல்லது எதுவுமே நடக்கவில்லையா?

நடந்தது. 1864 இல் ஜெம்ஸ்த்வோ என்ற உள்ளாட்சி மன்றங்கள் வந்தன. பிரபுக்கள் கைதான் ஓங்கியிருந்தது, ஆனாலும் கிராமத்துக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவரும் வந்தது அதன் வழியாகத்தான். அதே வருடம் ஜூரி முறையோடு திறந்த நீதிமன்றங்கள் வந்தன. ராணுவ சேவை 1874 இல் எல்லா வகுப்பாருக்கும் பொதுவாகி, அதிகபட்சம் ஆறு வருடமானது.

நீதிமன்றம் எவ்வளவு துணிச்சலாக இருந்தது என்பதற்கு வேரா ஜசூலிச் வழக்கு. கைதி ஒருவரைப் பிரம்பால் அடிக்க உத்தரவிட்ட பீட்டர்ஸ்பர்க் கவர்னர் திரேப்பவை 1878 இல் ஜசூலிச் என்ற இந்தப் புரட்சிக்காரி துப்பாக்கியால் சுட்டார். சுட்டதை மறுக்கவும் இல்லை. ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். அரசு அதன் பிறகு அத்தகைய வழக்குகளை ஜூரிகளிடமிருந்து எடுத்துவிட்டது.

'இம்மென்றால் சிறைவாசம், ஏனென்றால் வனவாசம்' என்று ஜார் ரஷ்யாவைப் பாரதி பாடினார். நிலைமை அப்படித்தான் இருந்ததா?

பேசியதற்கும் படித்ததற்குமே தண்டனை கிடைத்தது என்ற அளவில் அது அப்படியே உண்மை. பண்ணையடிமை முறையைக் கண்டித்துப் புத்தகம் போட்ட ரதீஷ்செவுக்கு 1790 இல் மரண தண்டனை விதித்து, அப்புறம் பத்து வருட சைபீரியாவாக மாற்றினார்கள். 1825 டிசம்பர் 14 அன்று அரசியல் சட்டம் கேட்டுக் கிளர்ந்த ராணுவ அதிகாரிகளில் ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள். மூன்று பேருக்குக் கயிறு அறுந்தது. மறுபடி ஏற்றித் தூக்கிலிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் சைபீரியா போனார்கள். அவர்களின் மனைவியர் சிலர், பட்டத்தையும் சொத்துரிமைகளையும் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனார்கள்.

அடுத்த வருடமே முதலாம் நிக்கலாய் 'மூன்றாம் பிரிவு' என்ற ரகசியப் போலீசை அமைத்தார். தஸ்தயேவ்ஸ்கி கைதானது ஒரு வாசிப்பு வட்டத்துக்குப் போனதற்காக. தடை செய்யப்பட்ட ஒரு கடிதத்தை அங்கே வாசித்தார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. 1849 டிசம்பர் 22 காலையில், கடும் குளிரில், கைதிகளைச் சதுக்கத்தில் நிறுத்தி மரண தண்டனையை வாசித்தார்கள். முதல் மூன்று பேரைக் கம்பத்தில் கட்டியும் விட்டார்கள். அடுத்த மூவரில் தஸ்தயேவ்ஸ்கி. அப்போதுதான் தண்டனைக் குறைப்பு ஆணை வாசிக்கப்பட்டது. அந்த நாடகம் முழுக்க ஜார் முன்கூட்டியே திட்டமிட்டது. தஸ்தயேவ்ஸ்கி ஓம்ஸ்க்கில் நான்கு வருடம் காலில் விலங்கோடு கழித்தார்.

1881 இல் இரண்டாம் அலெக்சாந்தர் வெடிகுண்டுக்குப் பலியான பிறகு 'தற்காலிக' அவசரச் சட்டம் ஒன்று வந்தது. விசாரணையில்லாமல் நாடுகடத்தலாம், கூட்டத்தைத் தடுக்கலாம், பத்திரிகையை மூடலாம். அது 1917 வரை புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. ஒக்ரானா எனப்பட்ட புதிய ரகசியப் போலீஸ் புரட்சிக் கட்சிகளுக்குள்ளேயே ஆள் வைத்தது. சோஷலிஸ்டுப் புரட்சியாளர் கட்சியின் கொலைப் படைக்குத் தலைவராக இருந்த அசெஃப் போலீசின் சம்பள ஆள். அந்தப் படைதான் 1904 இல் உள்துறை அமைச்சர் பிளேவேயைக் கொன்றது.

சைபீரியா எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. விசாரணையின்றி நாடுகடத்தப்பட்ட படித்தவர்கள் வீடு வாடகைக்கு எடுத்து, புத்தகம் வரவழைத்துப் படித்தார்கள். லெனினுக்கு ஷூஷென்ஸ்கயே என்ற சைபீரியக் கிராமத்தில் அரசே மாதம் 8 ரூபிள் படி கொடுத்தது. கடுங்காவல் பெற்ற ஏழைக்கோ பாதித் தலை மொட்டை, காலில் விலங்கு, ரயில் வருவதற்கு முன் மாதக்கணக்கில் நடை.

ரஷ்யர் அல்லாத மக்களின் நிலை?

1897 இல் பேரரசில் இருந்த 12.5 கோடிப் பேரில் ரஷ்ய மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 44 சதவீதம்தான். போலந்துக்காரர்கள் 1830இலும் 1863இலும் எழுந்து அடக்கப்பட்டார்கள். உக்ரைனிய மொழியில் புத்தகம் அச்சிடுவதை 1876 இல் ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்தார்கள். ஒரு மொழியின் அச்சையே நிறுத்துவது என்றால் என்ன என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

யூதர்கள் நிலைதான் மிகக் கொடுமை. மேற்கு, தெற்கு மாகாணங்களில் வரையறுத்த எல்லைக்குள்தான் வசிக்கலாம் என்று 1791 இல் தொடங்கிய கட்டுப்பாடு 1917 வரை இருந்தது. 1887 முதல் உயர்நிலைப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் அவர்களுக்கு உச்சவரம்பு: எல்லைக்குள் 10 சதவீதம், வெளியே 5, தலைநகரங்களான பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோவில் 3. கும்பல் தாக்குதல்கள் வேறு. 1903 இல் கிஷினெவ் நகரில் மட்டும் 49 பேர் கொல்லப்பட்டார்கள்.

பெண்களுக்குச் சட்டத்தில் என்ன இடம்?

விசித்திரமான கலவை. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலே திருமணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம், விற்கலாம். அன்றைய இங்கிலாந்தில்கூட அது கிடையாது. ஆனால் கணவன் சம்மதமில்லாமல் தனிப் பாஸ்போர்ட் கிடைக்காது, 1914 இல்தான் அது தளர்ந்தது. விவாகரத்து திருச்சபையின் கையில், கிடைப்பது குதிரைக்கொம்பு.

பல்கலைக்கழகம் மூடியிருந்ததால் பெண்கள் வெளிநாடு போனார்கள். முன்னாள் பண்ணையடிமை ஒருவரின் மகளான நதேஷ்தா சூஸ்லவா 1867 இல் ஜூரிக்கில் மருத்துவப் பட்டம் வாங்கினார். கணிதமேதை சோஃபியா கவலெவ்ஸ்கயா வெளிநாடு போவதற்காகவே 1868 இல் பெயரளவுக்கு ஒரு திருமணம் செய்துகொண்டார், அப்பாவின் அனுமதி வேண்டாம் என்பதற்காக. பின்னாளில் ஸ்டாக்ஹோமில் பேராசிரியரானார்.

வோட்கா விற்று அரசு நடந்தது என்கிறார்களே?

வருமானத்தில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு, ஆம். 1890களில் விற்பனையையே அரசு கையில் எடுத்தது. அதற்கு முன்பு, சாராய விற்பனையைத் தனியார் குத்தகைக்கு எடுத்து நடத்திய காலத்தில், 1859 வாக்கில், பல மாகாணங்களில் விவசாயிகள் இனிக் குடிப்பதில்லை என்று ஊர்கூடி உறுதியெடுத்தார்கள், சாராயக்கடைகளை உடைத்தார்கள். வருமானம் போகிறதே என்று அரசு ராணுவத்தை அனுப்பியது.

இவ்வளவுக்குப் பிறகும் ஜார் நல்லவர் என்று ஜனங்கள் நம்பினார்களா?

நம்பினார்கள், ஆழமாக. கெட்டவர்கள் பிரபுக்களும் அதிகாரிகளும்தான், ஜாருக்கு உண்மை தெரிந்தால் சரிசெய்துவிடுவார் என்பது அந்த நம்பிக்கை. 1773 இல் புகச்சோவ் என்ற கொசாக்கு (எல்லைப்புறப் போர்வீரர் சமூகத்தவர்), நான்தான் மூன்றாம் பீட்டர், சாகவில்லை என்று சொல்லிக்கொண்டு நிலமும் விடுதலையும் அறிவித்தபோது வோல்கா பிரதேசமே திரண்டது. கலகம்கூட ஜார் பெயரால்தான் நடந்தது. 1775 இல் அவரைக் கொன்றபின், கலகம் தொடங்கிய யாய்க் நதியின் பெயரையே உரால் என்று கேத்தரீன் மாற்றிவிட்டார்.

1896 இல் இரண்டாம் நிக்கலாய் முடிசூடியபோது, ஹதீன்கா மைதானத்தில் எனாமல் குவளையும் தின்பண்டமும் இலவசமாகத் தருகிறார்கள் என்று கூடியவர்களில் 1,389 பேர் நெரிசலில் செத்தார்கள். அன்றிரவே ஜார் பிரெஞ்சுத் தூதர் கொடுத்த நடன விருந்துக்குப் போனார். அப்போதும் நம்பிக்கை முற்றாகப் போகவில்லை.

போனது 1905 ஜனவரி 9 அன்று. கபோன் என்ற பாதிரியார் தலைமையில் பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர்கள் குடும்பத்தோடு, திருவுருவப் படங்களையும் ஜாரின் படத்தையும் ஏந்திக்கொண்டு, எட்டு மணி நேர வேலையும் அரசியல் நிர்ணய சபையும் கேட்டு மனு கொடுக்க அரண்மனைக்கு நடந்தார்கள். ஜார் அன்று நகரத்திலேயே இல்லை. படை சுட்டது. அரசுக் கணக்கிலேயே செத்தவர்கள் நூற்றுக்கு மேல்.

அதன் பிறகு நாடாளுமன்றம் வந்ததே?

வேலைநிறுத்தத்தால் நாடே நின்றுபோக, 1905 அக்டோபர் 17 அன்று உரிமைகளையும் டூமா என்ற நாடாளுமன்றத்தையும் அறிவித்தார்கள். முதல் டூமா 1906 ஏப்ரலில் கூடியது. விவசாயப் பிரதிநிதிகள் நிலத்தைக் கேட்டார்கள். ஜூலையில் கலைத்தார்கள். இரண்டாவது டூமாவும் அதையே கேட்டது, அதையும் 1907 ஜூனில் கலைத்து, பிரபுக்களுக்கு வாக்கு பலம் கூடும்படி தேர்தல் சட்டத்தையே மாற்றிய பிறகுதான் மூன்றாவது டூமா முழுக் காலம் இருந்தது.

பிரதமர் ஸ்டாலிபின் ஒரு பக்கம் அவசர ராணுவ நீதிமன்றங்களால் எட்டு மாதத்தில் சுமார் ஆயிரம் பேரைக் கொல்லவைத்தார். இன்னொரு பக்கம் மீரிலிருந்து பிரிந்து தன் நிலத்தை ஒரே துண்டாக வாங்கிக்கொள்ளலாம் என்று 1906 இல் சட்டம் போட்டார். யோசனை மோசமானதல்ல. ஆனால் பிரபுவின் நிலத்தைத் தொடாமல், ஊருக்குள் இருப்பதையே மாற்றிப் பிரித்தால் பசி எப்படித் தீரும்? 1911 இல் கீவ் நாடக அரங்கில் ஜாரின் கண்ணெதிரே ஸ்டாலிபின் சுடப்பட்டார். மீரைவிட்டுப் பிரிந்தவர்கள் கடைசிவரை சிறுபான்மைதான்.

1917 இல் எல்லாம் எப்படிச் சட்டென்று சரிந்தது?

பிப்ரவரி 23 அன்று பெத்ரோகிராடில் (பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) ரொட்டி கேட்டுப் பெண் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். பிப்ரவரி 27 அன்று, அவர்களைச் சுடச் சொன்ன படையே கட்சி மாறியது. அந்தச் சிப்பாய்கள் சீருடை போட்ட விவசாயிகள்தான். மார்ச் 2 அன்று பிஸ்கோவில் ரயில் பெட்டியில் நிக்கலாய் கையெழுத்திட்டார். தம்பி மிகயீல் மறுநாளே பட்டம் வேண்டாம் என்றார்.

கிராமத்தில் நடந்தது இதைவிட மெதுவானது, ஆழமானது. ஜாருக்குப் பிறகு வந்த இடைக்கால அரசு நிலப் பிரச்சினையை அரசியல் நிர்ணய சபை தீர்க்கட்டும் என்று தள்ளிப்போட்டது. ஊர்கள் காத்திருக்கவில்லை. கோடையிலும் இலையுதிர்காலத்திலும் மீர் கூடிப் பிரபுவின் நிலத்தை எடுத்து, பழைய வழக்கப்படியே தலைக்கணக்கில் பிரித்தது. 1861 இல் வெட்டி எடுத்த மேய்ச்சல் நிலங்களும் திரும்ப வந்தன. ஸ்டாலிபின் சட்டத்தால் பிரிந்துபோன குடும்பங்களை, பல இடங்களில் வற்புறுத்தியே, மறுபடி மீருக்குள் கொண்டுவந்தார்கள். அக்டோபர் 26 அன்று, ஆட்சியைப் பிடித்த லெனினின் போல்ஷெவிக்குகள் நில ஆணையை வெளியிட்டபோது பெரும்பாலான ஊர்களில் பங்கீடு தொடங்கிவிட்டிருந்தது. சில ஊர்களில், பண்ணையை இழந்த பிரபுவின் குடும்பம் அங்கேயே தங்க விரும்பினால், அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே ஒரு பங்கு ஒதுக்கினார்கள்.